பந்து டீச்சரும் கடைசி அறையும்

அந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவர் பந்து டீச்சர். கீழ்த்தளத்து மருந்துக்கடையில் போய், "பந்து டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டால், கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் மாடிப்படியைக் காட்டுவார். மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. டீச்சரின் வீட்டுக்காரரோ லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல நின்னுபோன லிஃப்டையெல்லாம் நான் ஓட வைக்கிறேன், என் பொண்டாட்டி மட்டும் படியேறிச் சாகுறா" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முதல் தடவை கேட்டபோது டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே முழங்கால்தான் வலித்தது.

ஐம்பது வயதைத் தாண்டியவர். இங்கே வருவதற்கு முன்னால் வாழ்க்கையில் பாதியை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே கழித்தார். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அந்தப் பள்ளியை இன்னொன்றோடு சேர்த்தார்கள். மேசை நாற்காலிகளுக்கெல்லாம் அங்கே இடம் கிடைத்தது, டீச்சருக்குக் கிடைக்கவில்லை. அப்படித்தான் இந்த மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே படிக்க வருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து உட்காருகிறவர்கள். துணிக்கடையில் பில் போடுகிறவர், வெல்டர், நர்ஸ், டிரைவர். வெளிநாட்டு வேலையோ, உள்ளூரிலேயே ஒரு படி மேலான வேலையோ, ஏதோ ஒன்றுக்கு ஆங்கிலம் வேண்டும். வந்த முதல் நாள் டீச்சர் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளையாக இருந்தால் அதட்டலாம். தன் வயதை ஒத்த மனிதரை எப்படி அதட்டுவது? கையிலிருந்த டஸ்டரை மெதுவாக அவர் பக்கம் வீசினார். தூக்கத்திலேயே அவர் அதைப் பிடித்துவிட்டார். "இப்ப அது உங்க கையில இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை இங்கிலீஷ்ல சொல்லிட்டு இன்னொருத்தருக்குப் போடுங்க" என்றார் டீச்சர். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்து, "ஸ்லீப்" என்றார். அறையே சிரித்தது. டஸ்டர் கைமாறிக்கொண்டே போனது. எல்லோர் சட்டையிலும் சாக்பீஸ் தூள். மறுநாள் டீச்சர் ஒரு பஞ்சுப் பந்து வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு பாடம் தொடங்கும் முன்னால் பத்து நிமிடம் ஏதாவது ஒரு விளையாட்டு என்று ஆகிப்போனது. ஒரு நாள் பந்து. ஒரு நாள், "கடைக்குப் போனேன், சோப்பு வாங்கினேன்" என்று ஒருவர் தொடங்க, அடுத்தவர் சோப்போடு சீப்பையும் சேர்த்துச் சொல்ல, அதற்கடுத்தவர் மூன்றையும் சொல்ல, இப்படி வால் நீண்டுகொண்டே போகும். ஒரு நாள், ஒருவர் பலகைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பின்னால் எழுதியிருக்கும் சொல்லை மற்றவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லாமலே அவருக்குப் புரியவைக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் அவர்களுக்குத் தூக்கம் கலையும், வாய் திறக்கும். பிறகு பாடம் ஓடும். டீச்சருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிலையத்தின் முதலாளி இதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர்; டைப்ரைட்டர்கள் போனதும் கம்ப்யூட்டர், அதுவும் சலித்ததும் ஆங்கிலம் என்று வாசல் பெயர்ப்பலகையை மாற்றி மாற்றிப் பிழைத்தவர். மற்ற அறைகளில் ஆட்கள் கரைந்துகொண்டிருந்தார்கள், டீச்சரின் அறையில் மட்டும் நாற்காலி போதவில்லை. ஒரு நாள் டீச்சரைக் கூப்பிட்டார்.

"மேடம், ஜனங்க எதுக்கு வர்றாங்கன்னு பாத்துட்டேன். உங்க முதல் பத்து நிமிஷத்துக்குத்தான் வர்றாங்க."

"அப்புறம் பாடமும் நடத்துறேனே சார்."

"பாடம் யாரு வேணாலும் நடத்தலாம் மேடம். நான் வீடியோ ஏற்பாடு பண்ணிட்டேன். கோட்டு போட்டவரு, நல்லா பேசுறாரு. நீங்க எல்லா ரூமுக்கும் போய் ஒரு பத்து நிமிஷம் கலகலப்பாக்கிட்டு வந்துடுங்க. மத்ததை அவரு பாத்துக்குவாரு."

மறுத்துப் பேச டீச்சருக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். "உங்களால்தான் ஆள் வருகிறது" என்று கேட்டதில் மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

தாழ்வாரத்தில் வரிசையாக ஆறு அறைகள். ஒன்றில் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து அடுத்ததில் தொடங்கும். டீச்சர் முதல் அறையில் நுழைவார், பந்தைப் போடுவார், கை தட்டுவார், குதிப்பார், சிரிக்க வைப்பார். ரிசப்ஷன் பெண் வந்து வீடியோத் திரையைப் போடுவாள். கோட்டுக்காரர் தோன்றி வணக்கம் சொல்லும்போது டீச்சர் அடுத்த அறைக் கதவின் முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். நுழைவதற்கு முன் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். களைத்த முகத்தோடு போனால் விளையாட்டு எடுபடாது. ஆறாவது அறை முடிந்ததும் அடுத்த கூட்டம் வந்துவிடும். மறுபடியும் முதல் அறையிலிருந்து. ஒரே கிண்டலை ஒரே மாலையில் பன்னிரண்டு தடவை சொல்வது எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் புரியும் என்பதில்லை. நான்காவது அறைக்குள் போகும்போது தன் சிரிப்பு பக்கத்து வீட்டில் யாரோ சிரிப்பதுபோல அவர் காதில் விழும்.

யார் எதைச் சொல்லத் தொடங்கினாலும் அதன் முடிவு அவருக்குக் கிடைப்பதில்லை. "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க?" என்று கேட்பார். ஒருவர் தட்டுத்தடுமாறி, தன் அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனதாகத் தொடங்குவார். அதற்குள் திரை ஒளிரும். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே டீச்சர் அடுத்த அறையில் பந்தை வீசிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கெட் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால், "உம்" என்பார். அதற்கு மேல் வராது.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கடைசி அறையின் இரண்டாவது கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஒல்லியான உடம்பு, விறுவிறுப்பான கண். ஆஸ்பத்திரியிலிருந்து சீருடையோடு நேராக வருவாள். கடைக்குப் போகும் விளையாட்டில் அவளை யாரும் ஜெயித்தது கிடையாது. எத்தனை சாமான் சேர்ந்தாலும் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல ஒப்பித்துவிடுவாள். "இந்தம்மா கடையையே காலி பண்ணிடுவாங்க டீச்சர்" என்பார் வெல்டர். ஆள் கதவளவு இருப்பார், குரல் மட்டும் குழந்தைக் குரல்.

ஒரு நாள் விளையாட்டில் வழக்கம்போல அவள்தான் ஜெயித்தாள். திரை ஒளிர்ந்தது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். அன்றைக்கு அதோடு வேலை முடிந்தது. இரண்டு படி இறங்கியிருப்பார், பின்னால் காலடிச் சத்தம். நர்ஸ்.

"கிளாஸ் நடக்குதேம்மா, ஏன் வந்துட்ட?"

"காலைல எனக்கு இன்டர்வியூ இருந்துச்சு டீச்சர். வெளிநாட்டு ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர்லயே பேசுனாங்க."

"சொல்லவே இல்லையே! எப்படிப் பண்ணே?"

நர்ஸ் சுவரைப் பார்த்தாள். "உங்களால சமாளிக்க முடியாத ஒரு நோயாளியைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. எனக்கு எத்தனை பேரைத் தெரியும்! ஒரு பெரியவரு ட்யூபைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவாரு, ராத்திரியெல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. வாய் திறக்கல. 'ஓல்ட் மேன்'னு சொன்னேன். அப்புறம் 'ட்யூப்'னு சொன்னேன். அவ்வளவுதான். தேங்க் யூன்னு சொல்லி வச்சுட்டாங்க."

டீச்சர் ஒரு படி மேலேறி அவள் பக்கத்தில் நின்றார்.

"பந்து வந்தா பதில் வருது டீச்சர். பந்து இல்லாம ஒருத்தர் என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டா ஒண்ணும் வர மாட்டேங்குது."

"வீடியோவுல அவரு கேள்வியெல்லாம் கேக்குறாரே?"

"கேக்குறாரு. நாங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே 'வெரி குட்'டுங்கிறாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். மேலே ஏதோ ஓர் அறையில் கோட்டுக்காரர் யாரையோ பாராட்டிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு பக்கெட்டில் கால் இருந்தது, ஆனால் கண் மூடவில்லை. வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். "முதலாளி மேல கோவம் வரலைங்க. என் மேலதான் வருது. பத்து நிமிஷம் சிரிக்க வச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிடுறேன். சிரிச்சவங்க எல்லாம் படிச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."

"கால் நிக்க மாட்டேங்குதுங்க."

"அப்ப உக்காரு."

அவர் அதைப் பெரிய யோசனையாக நினைத்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். டீச்சர் காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். இத்தனை நாளில் அந்த அறைகளில் ஒன்றிலாவது தான் உட்கார்ந்ததே இல்லை.

மறுநாள் இரண்டாவது கூட்டத்தில் கடைசி அறைக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் போட வந்த ரிசப்ஷன் பெண்ணிடம், "இன்னைக்கு வேணாம்மா, நீ போ" என்றார். அவள் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நேத்து சாயங்காலம் ரிசப்ஷன்ல இருந்த கடிகாரம் திருடு போயிடுச்சு" என்று டீச்சர் தொடங்கினார். கடிகாரம் அங்கேயே தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வந்திருந்தார்கள். "ரெண்டு பேரு மேல சந்தேகம். நர்ஸம்மா, வெல்டர் சார், எந்திரிங்க. நீங்க ரெண்டு பேரும் நேத்து சாயங்காலம் சேர்ந்து சினிமாவுக்குப் போனதாச் சொல்லப் போறீங்க. வெளிய போய்ப் பேசி வச்சுக்குங்க. அப்புறம் தனித்தனியா விசாரணை. மத்தவங்க எல்லாம் போலீஸ். பேச்செல்லாம் இங்கிலீஷ்ல."

இருவரும் வெளியே போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். நர்ஸ் முதலில் உள்ளே வந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவருக்கு இன்ஸ்பெக்டர் வேலை அப்படியே பொருந்திவிட்டது. எங்கே இருந்தாய் என்றார். "சினிமா" என்றாள்.

"ஒத்தைச் சொல் செல்லாது" என்றார் டீச்சர். "முழுசாச் சொல்லணும். இல்லேன்னா உள்ள தள்ளிடுவாங்க."

நர்ஸ் மறுபடி தொடங்கினாள். "ஐ வாஸ்... ஐ வாஸ் இன் தி சினிமா." எந்த வரிசையில் உட்கார்ந்தாய்? யார் டிக்கெட் எடுத்தது? நாயகன் சட்டை என்ன நிறம்? படம் முடிந்து எதில் திரும்பினாய்? மழை பெய்ததா? கேள்விகள் நாலாபக்கத்திலிருந்தும் வந்தன. யாரும் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை, யாரும் வெரி குட் சொல்லவில்லை. ஒவ்வொரு பொய்யையும் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டியிருந்தது; ஒவ்வொரு பொய்க்கும் ஒரு முழு வாக்கியம். காலம் தப்பியது, சொல் தப்பியது, ஆனால் நிற்கவில்லை. பஸ்ஸில் வந்தோம் என்றாள், டிரைவர் மோசமாக ஓட்டினார் என்றாள், வெல்டர் பஸ்ஸில் தூங்கிவிட்டார் என்றும் ஒரு போடு போட்டாள். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே எப்போதாவது ஒரு சொல்லைத் திருத்தினார். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வெல்டர் வந்தார். தியேட்டரிலிருந்து நடந்தே வந்தோம் என்று தன் குழந்தைக் குரலில் சொன்னார். அவ்வளவுதான், அறை இடிந்து விழுவதுபோல ஆகிவிட்டது. பில் போடுகிறவர் மேசையைத் தட்டினார். "நடக்கும்போது தூங்கினீங்களா?" என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்க, இன்னொரு சிரிப்பு அலை.

அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது. முதலாளி.

"என்ன மேடம் இது? வீடியோ ஏன் ஓடல?"

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் உடனே ஒத்துழைக்கவில்லை. அதற்குள் பில் போடுகிறவர், விசாரணை சூட்டில், முதலாளி பக்கமே திரும்பிவிட்டார்: "வேர் வேர் யூ எஸ்டர்டே ஈவினிங், சார்?"

கேட்டவருக்கே முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் முதலாளியிடம் ஆங்கிலத்தில் யாரும் எதுவும் கேட்டதில்லை போலும்.

"டவுன்ஸ்டேர்ஸ்" என்றார்.

வெல்டர் மிகவும் மரியாதையாக, "ஒத்தைச் சொல் செல்லாதுங்க சார்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அடுக்கினார். கீழே இருந்தேன், மருந்துக்கடை பக்கத்தில். என் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"ஒய், சார்?" இது நர்ஸ். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்கிற மெல்லிய குரல்.

"ஐ வாஸ் டயர்ட்" என்றார் முதலாளி. "ஐ டிட் நாட் வான்ட் டு கம் அப்."

அந்த அறையில் 'டயர்ட்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்க ஆளில்லை. யாரோ ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் உட்காரவில்லை. "முடிச்சுட்டு வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

முடித்துவிட்டு டீச்சர் அவர் அறைக்குப் போனார். திட்டு வாங்கும் திராணிகூட அன்றைக்கு இல்லை.

"எல்லா ரூமுக்கும் இப்படி ஒரு மணி நேரம் உக்கார முடியாது மேடம்" என்றார் முதலாளி. "வீடியோ வாங்கியாச்சு. கோட்டுக்காரரைத் திருப்பிக் குடுக்க முடியாது."

"எல்லா ரூமும் வேணாம் சார். என் உடம்பு தாங்காது. கடைசி ரூமை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க. முழு நேரமும்."

"மத்த ரூம்ல யாரு குதிக்கிறது?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ரிசப்ஷன் பொண்ணு தினமும் வாசல்ல நின்னு பாக்குது. எல்லா விளையாட்டும் அதுக்கு அத்துப்படி."

இப்படியாகப் பந்து கைமாறியது. ரிசப்ஷன் பெண் முதல் நாளே வெளுத்து வாங்கிவிட்டாள். தாழ்வாரம் முழுக்கச் சிரிப்புச் சத்தம். தன்னிடம் அவர்கள் இவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லையே என்று டீச்சருக்குச் சுருக்கென்றது. அது இரண்டு நாளில் போய்விட்டது. முழங்கால் வலியும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் களைப்பு போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. குதித்தால் கால் வலிக்கும். உடைந்த வாக்கியங்களை ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் தலை வலிக்கும். விளையாட்டை இப்போதும் விடவில்லை. அன்றைய பாடம் எதுவோ அதற்கேற்ற விளையாட்டாகப் பார்த்துத் தொடங்கி, அது தானாகப் பேச்சாக மாறும்வரை நீட்டிக்கொண்டுபோவார். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "அந்த ரூம்ல ரொம்பப் பேசச் சொல்றாங்க" என்று முறையிட்டு வேறு அறைக்கு மாறிக்கொண்டார்கள். அவர்கள் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

நர்ஸ் மாறாமல் அங்கேயே இருந்தாள். இரண்டாவது நேர்காணலிலும் அவளை எடுக்கவில்லை; ஆனால் இந்த முறை ட்யூப் பிடுங்கும் பெரியவரைப் பற்றி முழுவதுமாகச் சொல்லி முடித்தேன் என்றாள். மூன்றாவதாக வேறொரு ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. பயணம் சட்டென்று முடிவாகிவிட்டதால் சொல்லிக்கொண்டு போகக்கூட வரவில்லை. வெல்டர்தான் வந்து சொன்னார். அவள் உட்கார்ந்த நாற்காலியில் அந்த வாரமே ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தார். டீச்சர் அவரிடம் முதலிலிருந்து தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் எந்த மொழியிலும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கு அது பழகிவிட்டது. போன் வந்தால் அவரே எடுத்து, "டீச்சருக்கு இன்னைக்கு வாய் லீவு" என்று சொல்லி வைத்துவிடுவார். ஒரு ஞாயிறு மதியம் டீச்சர் படுத்திருக்கும்போது போன் அடித்தது. எடுத்தவர் ஒன்றிரண்டு தடவை "எஸ், எஸ்" என்றார். பிறகு திகைத்துப்போய்ப் போனை மனைவியிடம் நீட்டினார்.

"யாரோ இங்கிலீஷ்ல பொளந்து கட்டுது. நீயே பேசு."

நர்ஸ்தான். அங்கே பழகிய பழக்கத்தில் ஆங்கிலத்திலேயே தொடங்கிவிட்டாள். டீச்சரின் குரலைக் கேட்டதும் நிறுத்தினாள்.

"டீச்சர், தூங்கிட்டிருந்தீங்களா?"

"இல்லம்மா, சும்மா படுத்திருக்கேன். நல்லா இருக்கியா?"

"இருக்கேன் டீச்சர். நீங்க பேச வேணாம், களைப்பா இருப்பீங்க. நானே பேசுறேன். இங்க வார்டுல காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கிலீஷ்தான். வாயெல்லாம் வலிக்குது. நம்ம பேச்சுல பேசி எத்தனையோ நாளாச்சு. கொஞ்ச நேரம் நம்ம பேச்சுல பேசிக்கட்டுமா?"

"பேசும்மா" என்றார் டீச்சர்.

தலையணையில் சாய்ந்து, போனைக் காதோரம் வைத்துக்கொண்டார். அங்கே அறையில் கூட இருக்கும் பெண் குறட்டை விடுவது, குளிரில் கை வெடித்தது, கடையில் உப்பு என்று நினைத்துச் சர்க்கரை வாங்கி வந்தது என்று நர்ஸ் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் அவ்வப்போது "உம்" கொட்டினார். வீட்டுக்காரர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தம் போடாமல் அந்தப் பக்கம் போனார்.